மபாரக்காவின் தோல்

யம்னா கூஸ்கூஸ் சாப்பிடமாட்டாள். வெள்ளிக்கிழமை மதியம் தாஸா ஊரில் அது வேகாத வீடு கிடையாது. தம்பி மிலூதும் அவன் மனைவி இஜ்ஜாவும் தாம்பாளத்துக்கு இருபுறமும் உட்கார்ந்து, பூசணித் துண்டும் ஆட்டுக்கறியும் சேர்த்து உருட்டி வாயில் போடும்போது, அவள் மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுச் சாற்றில் தோய்த்துக்கொள்வாள். கேட்டவர்களிடம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பாள். வயிற்றில் அவளுக்கு ஒரு கோளாறும் இல்லை. அந்த மாவு மணிகளைப் பார்த்தால் ஹம்மாம் என்கிற பொதுக்குளிப்பறையின் ஈரத்தரை கண்முன் வந்துவிடும், அவ்வளவுதான்.

குளிக்க வரும் பெண்களைத் தேய்த்துவிடுவது அவள் வேலை. புருஷன் தலாக் சொல்லி அனுப்பிய வருஷம் மேல்தெரு ஹம்மாமில் போய் உட்கார்ந்தவள், அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை. ஆவி நிறைந்த உள்ளறையில் பெண்கள் ஊறிக் கிடப்பார்கள். அவர்கள் உடம்பில் குழைந்த கறுப்புச் சோப்பைப் பூசி, அது ஊறும்வரை விட்டு, வாளித் தண்ணீரைக் கொட்டிக் கழுவி, சொரசொரப்பான கையுறையை மாட்டிக்கொண்டு தோளிலிருந்து இடுப்புவரை ஒரே இழுப்பாக இழுப்பாள். உறைக்கு அடியில் சாம்பல் நிறத்தில் திரிதிரியாக உருண்டு வரும். அழுக்கும் தோலும் சேர்ந்தது. அதை வழித்துத் தரையில் போட்டுவிட்டு அடுத்த இழுப்பு.

பெண்களுக்கு அதைப் பார்ப்பதில் ஒரு பெருமை. தலையைத் திருப்பி, தங்கள் முதுகிலிருந்து வந்த குவியலை எட்டிப் பார்த்து, பக்கத்தில் இருப்பவளிடமும் காட்டுவார்கள். கறிக்கடைக்காரர் மனைவி ஹாஜ்ஜா மின்னானா ஒவ்வொரு வியாழனும் வருவாள். யம்னா கை பட்டால்தான் தனக்கு உடம்பு உடம்பாக இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். யம்னா சிரித்துக்கொள்வாள். உள்ளுக்குள் குமட்டும். மின்னானாவின் தொடை மடிப்பிலிருந்து வருகிற வாடை, பிள்ளை பெற்றவர்களின் அடிவயிற்றுச் சுருக்கத்தில் தேங்கியிருக்கிற பிசுக்கு, கிழவிகளின் குதிகாலிலிருந்து சுரண்டி எடுக்கிற மஞ்சள் தகடு, எதுவும் அவளுக்குப் பழகவே இல்லை. பழகிவிடும் என்று முதல் நாள் சொன்னார்கள். மூக்கால் மூச்சு விடாமல் வேலை செய்யக் கற்றுக்கொண்டாள். அதைத்தான் எல்லாரும் பழக்கம் என்று நினைத்தார்கள்.

மிலூதுக்கு அதே ஹம்மாமின் பின்பக்கம் உலை வேலை. மரத்தூளையும் ஒலிவச் சக்கையையும் அள்ளிப் போட்டுக் கொப்பரையைக் கொதிக்க வைப்பான். புருவம் பொசுங்கி, கறுத்து, அதிகம் பேசாதவன். அவனுக்கு இஜ்ஜாவைப் பேசி முடித்தது யம்னாதான். மலைக்கிராமத்திலிருக்கிற தாய்மாமன் மகள். வெளியிலிருந்து எவளையாவது கொண்டுவந்தால் தனக்கு இந்த வீட்டில் இடம் இருக்குமோ என்ற பயம் யம்னாவுக்கு. மாமன் மகள் என்றால் ரத்தம், விட்டுக்கொடுக்க மாட்டாள். அந்தக் கணக்கு தப்பவில்லை. இஜ்ஜா வந்த நாளிலிருந்து மதினி மதினி என்று ஒட்டிக்கொண்டாள்.

முதல் பிள்ளை கிராமத்திலேயே பிறந்தது. உடம்பெல்லாம் ஒரு பளபளப்பான தோல் இறுகப் போர்த்தி, வெந்த மாதிரி பிறந்ததாகச் சொன்னார்கள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. வெந்து பிறந்த பிள்ளையைப் பற்றி அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் பேசவில்லை.

இரண்டாவது பிறந்தது ஊர் ஆஸ்பத்திரியில், மழை விடாமல் அடித்த ஒரு குளிர்காலத்தில். யம்னா வேலையிலிருந்து ஈரத்தலையோடு ஓடினாள். துணியை விலக்கிக் காட்டியபோது அவளுக்கு முதலில் அது பிள்ளை என்றே தோன்றவில்லை. எண்ணெய்க் காகிதத்தில் இறுக்கிச் சுற்றிய எதையோ காட்டுகிறார்கள் என்று நினைத்தாள். அந்தக் காகிதம் மூட்டுக்கு மூட்டு வெடித்திருந்தது. இமைகள் வெளிப்பக்கமாகப் பிதுங்கி, உள்சதை சிவப்பாகத் தெரிந்தது. உதடும் அப்படியே. பிறகு அது அழுதது. காகிதத்துக்குள்ளிருந்து சாதாரணப் பிள்ளையின் அழுகை வந்ததுதான் யம்னாவுக்குத் தாங்க முடியாமல் போயிற்று. வெளியே போய்ச் சுவரோரம் வாந்தி எடுத்தாள்.

அன்றைக்கே ஃபெஸ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஈரம் கட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் பல வாரம் வைத்துப் பார்த்தார்கள். இஜ்ஜா பெட்டிப் பக்கத்திலேயே கிடந்தாள். பெண்பிள்ளை. ஆசி பெற்றவள் என்ற அர்த்தத்தில் மபாரக்கா என்று பெயர் வைத்தாள். யாரிடமும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அந்தக் காகிதத் தோல் கழன்று விழுந்திருந்தது. அடியில் இருந்தது அதைவிட மோசம். உச்சந்தலையிலிருந்து பாதம்வரை பழுப்புத் தகடுகள், வறண்ட குளத்துச் சேறு வெடித்துக் கிடப்பதுபோல. ஓரங்கள் தூக்கிக்கொண்டு நின்றன. தொட்டால் சில உதிர்ந்தன. கெட்டியான களிம்பு கொடுத்து, நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் பூசிக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தார்கள். தேய்க்கவே கூடாது, சூட்டில் வைக்கக் கூடாது. இஜ்ஜா பூசினாள். விடிந்ததும் பூசுவாள், மாவு பிசையும் முன் பூசுவாள், பிசைந்து கை கழுவிவிட்டுப் பூசுவாள். களிம்பும் செதிலும் பாலும் சேர்ந்து அந்த அறையில் ஒரு நாற்றம் குடியேறியது. சிக்கு பிடித்த பழைய வெண்ணெய் நாற்றம். பாயில், தலையணையில், இஜ்ஜாவின் முடியில், கடைசியில் ரொட்டியிலும் அந்த நாற்றம் ஏறியது. விரித்த துணியை உதறினால் செதில் பறக்கும். யம்னா பெருக்கி அள்ளுவாள். பெருக்கியதை அடுப்பில் போட்டாள் ஒருமுறை. அந்த வாடைக்கப்புறம் அடுப்பில் போடுவதில்லை.

மிலூத் அந்த அறைக்குள் போவதையே நிறுத்திவிட்டான். உலைக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டான். கேட்டால், குளிர்காலம், நெருப்பு அணையாமல் பார்க்கணும் என்றான். யம்னா அறைக்குள் போவாள். பிள்ளையை வாங்க நேர்ந்தால் துணியோடு சேர்த்து வாங்குவாள். வெறும் கை படாமல் பார்த்துக்கொள்வாள். இஜ்ஜா அதைக் கவனித்தாளா என்று யம்னாவுக்குத் தெரியாது. கவனித்திருப்பாள்.

சேதி ஹம்மாமுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும். பெண்கள் முதலில் பரிதாபப்பட்டார்கள். பிறகு ஒருத்தி, அது ஒட்டுமா என்று கேட்டாள். ஹம்மாமை நடத்துகிற கன்ஸா நல்ல மனுஷிதான். எல்லாரும் மரியாதையாக லல்லா கன்ஸா என்பார்கள். வாசலில் உட்கார்ந்து துண்டும் சாவியும் கொடுப்பவள். ஒரு நாள் யம்னாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"ஏ யம்னா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. ஊர்ப் பொம்பளைங்க தோலையெல்லாம் உரிச்சுப் போடுறவ நீ. உன் தம்பி வீட்டுல ஒரு பச்சப்புள்ள செதிலோட கெடக்கு. அத உன்னால எடுக்க முடியலயா?"

"டாக்டருங்க தேய்க்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, லல்லா."

"டாக்டருங்க எத்தன முதுகு தேச்சிருக்காங்க? ஊற வைக்காம தேச்சா ரத்தம் வரும், உண்மதான். ஊற வெச்சா? உனக்குச் சொல்லணுமா? பதமா ஊற வெச்சா எருமத் தோலும் கழண்டு வரும்." கன்ஸா குரலைத் தாழ்த்தினாள். "இங்க ரெண்டு மூணு பேரு உன் கை வேணாங்குறாங்க. நான் சமாளிச்சுக்கிட்டு இருக்கேன். எத்தன நாளைக்குச் சமாளிப்பேன்னு நீயே சொல்லு."

யம்னா தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துபோனாள். ஆனால் அந்தப் பேச்சு அவளுக்குள் ஊறத் தொடங்கிவிட்டது.

பனி விழுகிற வாரத்தில் இஜ்ஜாவின் அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று கிராமத்திலிருந்து ஆள் வந்தது. மலைப்பாதையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் திரும்பிவிடுகிறேன் என்றாள். பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் வைத்தாள். களிம்பு டப்பாவை யம்னா கையில் கொடுத்தாள்.

"அள்ளிப் பூசு மதினி. சிக்கனம் பாக்காத. கைமடிப்பு, கழுத்து, காதுக்குப் பின்னால எல்லாம் பூசு. கண்ணுக்கு இந்தச் சொட்டு மருந்து. தேச்சுடாத. என்ன? மெழுகுற மாதிரி. தேய்க்குற மாதிரி இல்ல."

யம்னா தலையாட்டினாள். இஜ்ஜா போய்க் கதவு சாத்தியதும் வீடு அமைதியாயிற்று. பிள்ளை கண் பிதுங்கியபடியே தூங்கியது. அந்தக் கண்கள் முழுசாக மூடுவதில்லை. யம்னா டப்பாவைத் திறந்து விரலில் களிம்பை எடுத்தாள். பிள்ளையின் வயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஒரு செதில் தூக்கிக்கொண்டு நின்றது, நகம்போல. அதன் அடியில் முந்தின நாள் களிம்பு மஞ்சளாகக் கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது. இதற்கு மேலே இன்னும் பூசுவதா? அழுக்கின்மேல் நெய் மெழுகுவதா? அவள் அறிந்த ஒரே நியாயம் அதை வழித்து எடுப்பதுதான். வழித்து எடுத்தால் அடியில் புதுசு இருக்கும். எத்தனை ஆயிரம் உடம்பில் பார்த்திருக்கிறாள். இருந்தே தீரும்.

தண்ணீரைச் சுட வைத்தாள். அறையின் கணப்பில் கரியைக் கூட்டினாள். கறுப்புச் சோப்பை எடுத்துத் தண்ணீர் விட்டு இளக்கி, பிள்ளையைத் தாம்பாளத்தில் கிடத்தி உடம்பெங்கும் பூசி ஊற விட்டாள். அது கை கால் உதறவில்லை. வெதுவெதுப்பு அதற்குச் சுகமாக இருந்தது போலிருக்கிறது. பிறகு தன் உறைகளில் தேய்ந்து மெத்தென்று போன பழைய ஒன்றை மாட்டிக்கொண்டாள். முதல் இழுப்பை மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள்.

வந்தது. அவள் ஆயுசில் ஒரு இழுப்பில் அப்படி வந்ததில்லை. பட்டை பட்டையாக, வாழைச் சருகு உரிவதுபோல. அடியில் ரோஜா நிறம். பிள்ளையின் நிறம். யம்னாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அருவருப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கால், தொடை, முதுகு, கழுத்து என்று போய்க்கொண்டே இருந்தாள். மபாரக்கா கத்தத் தொடங்கியபோது சோறூட்டும்போது சொல்கிற சமாதானமெல்லாம் சொன்னாள். தாம்பாளத்துத் தண்ணீர் கஞ்சியாகக் கெட்டித்தது. அதைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்து, பிள்ளையைத் துவட்டி, மெல்லிய துணியில் சுற்றி, இந்தத் தடவை வெறும் கையால் மார்போடு அணைத்துக்கொண்டாள். களிம்பு டப்பாவை மூடி மாடத்தில் வைத்தாள். இனி அது எதற்கு?

மிலூதைக் கூப்பிட்டு அனுப்பினாள். உலைக்கரியோடு வாசலில் தயங்கி நின்றான்.

"உள்ள வாடா. உன் மகளப் பாரு."

அவன் பார்த்தான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பிறகு போய்க் கழுவிக்கொண்டு வந்து, உட்கார்ந்து மடியை விரித்தான். பிள்ளையை வாங்கிக்கொண்டு அதன் பாதத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். "என் அப்பன் பாதம் மாதிரி இருக்கு, அக்கா" என்றான். வெகுநேரம் அப்படியே இருந்தான். பிஸாரா என்கிற பயறுக் கஞ்சியில் ஒலிவ எண்ணெய் விட்டு இருவரும் அந்த அறையிலேயே உட்கார்ந்து குடித்தார்கள். பிள்ளை அழுது ஓய்ந்து சிணுங்கிக்கொண்டிருந்தது. உடம்பு லேசானால் பிள்ளைகள் அப்படித்தான் சிணுங்கும் என்றாள் யம்னா.

காலையில் துணியெல்லாம் நனைந்திருந்தது. மூத்திரம் என்று நினைத்து மாற்றினாள். மாற்றிய துணியும் நனைந்தது. முதுகிலிருந்து, வயிற்றிலிருந்து, எல்லா இடத்திலிருந்தும் நீர் கசிந்துகொண்டிருந்தது. ரோஜா நிறம் போய்ப் பச்சை இறைச்சி நிறம் வந்திருந்தது. பால் இறங்கவில்லை. உச்சிக்குழி உள்ளே அமுங்கிக் கிடந்தது. கை கால் சில்லென்று, நெற்றி கொதித்தது. யம்னா பயந்து களிம்பை எடுத்துப் பூசினாள். அது தோலில் ஒட்டாமல் நீரோடு வழுக்கிக்கொண்டு வந்தது. பூசின இடமெல்லாம் பிள்ளை துடித்தது. அழுகை வந்தது, சத்தம் வரவில்லை.

இஜ்ஜா மதியம் வந்தாள். அப்பா பிழைத்துக்கொண்டார் என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றியவள், பாதியில் நிறுத்தினாள். மூக்கை உயர்த்தினாள்.

"சோப்பு வாட அடிக்குது."

யம்னா களிம்புக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"மதினி, வீட்டுக்குள்ள ஏன் கறுப்புச் சோப்பு வாட அடிக்குது?"

போய்த் துணியை விலக்கிப் பார்த்தாள். கத்தவில்லை. பிள்ளையை அள்ளித் தன் போர்வைக்குள் செருகிக்கொண்டு, கழற்றிய செருப்பைப் போடாமலே தெருவில் இறங்கினாள். யம்னா பின்னால் ஓடினாள். டாக்சி நிறுத்தத்தில் ஃபெஸ் போகிற வண்டியில் ஏறினார்கள். பின்சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருந்த ஒரு ஆள் போர்வைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு கண்ணாடிப் பக்கம் திரும்பினான். வழி முழுக்க அவன் திரும்பவே இல்லை. இஜ்ஜா வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"உனக்குத் தொட அருவருப்பா இருந்துச்சு. அத எங்கிட்டச் சொல்லியிருக்கலாம். நான் தூக்கிட்டே போயிருப்பேன், பனியில."

தோல் டாக்டரம்மா நடுத்தர வயதுக்காரி, கண்ணாடி போட்டவள். பெட்டிக்குள் வைத்து, நரம்பில் நீர் ஏற்றி, உடம்பு முழுக்க ஈரத்துணியும் களிம்புமாகச் சுற்றியபிறகுதான் வெளியே வந்தாள். யார் செய்தது என்று கேட்டாள். யம்னா எழுந்து நின்றாள். டாக்டரம்மா அவளைப் பார்த்த பார்வையை யம்னாவுக்குத் தெரியும். அது அவளே தினம் மறைத்து வைத்துக்கொள்கிற பார்வை. சாக்கடை ஓரம் சேர்ந்ததைப் பார்க்கிற பார்வை.

"என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர்களுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள். குரல் கடுமையாகத்தான் இருந்தது, ஆனால் எல்லாவற்றையும் சொன்னாள்.

"தோலோட மேலடுக்கு ஒரு செங்கல் சுவருன்னு வெச்சுக்குங்க. செத்துப்போன செல்லுதான் செங்கல். செங்கலுக்கு நடுவுல ஒரு கொழுப்புப் பூச்சு இருக்கும். செராமைடுன்னு அதுக்குப் பேரு. வேற கொழுப்பும் உண்டு, ஆனா முக்கியமானது அது. உள்ள இருக்கிற தண்ணிய வெளிய விடாம, வெளிய இருக்கிற கிருமிய உள்ள விடாம நிக்குறது அந்தப் பூச்சாலதான். இந்தப் புள்ளையோட உடம்புக்கு அந்தப் பூச்ச ஒழுங்காச் செய்யத் தெரியல. பொறக்கும்போதே தெரியல. தண்ணி ஒழுகுதுன்னு மட்டும் அதுக்குத் தெரியுது. அதுக்குத் தெரிஞ்ச ஒரே வேலைய அது செய்யுது, செங்கல மேல மேல அடுக்குது. நீங்க பாத்த செதிலு அதுதான். அழுக்கு இல்ல."

"அப்ப நான் எடுத்தது..."

"அவ கட்டி வெச்சிருந்தத. அவகிட்ட இருந்தது அது ஒண்ணுதான். ஓட்டச் சுவருதான், இருந்தாலும் சுவரு. அதுலயும் அந்தச் சோப்பு இருக்கே, அது காரம். மிச்சம் மீதி இருந்த கொழுப்பையும் கரச்சு எடுத்துடுச்சு. மேல சூடு வேற."

கல்யாணம் சொந்தத்திலா என்று டாக்டரம்மா கேட்டாள். மாமன் மகள் என்று இஜ்ஜா சொன்னாள். அப்பாவிடமிருந்து ஒரு குறை, அம்மாவிடமிருந்து அதே குறை, இரண்டும் ஒன்று சேர்ந்தால்தான் இப்படி வரும். சொந்தத்தில் கட்டும்போது அப்படிச் சேர வாய்ப்பு கூடுதல் என்றாள். யார் மேலும் குற்றமில்லை என்றும் சொன்னாள். பெண் பேசி முடித்தது யாரென்று அவள் கேட்கவில்லை. யம்னா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து போகும்போது டாக்டரம்மாவின் கண் யம்னாவின் கைகளில் விழுந்தது. வெடித்து, விளிம்பில் ரத்தம் கட்டிய விரல்கள். உங்களுக்கும் பூச்சு போய்விட்டது, ஆனால் சோப்பைத் தொடாமல் கொஞ்ச நாள் இருந்தால் உங்களுக்குத் திரும்ப வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மபாரக்கா சாகவில்லை. சாவாள் என்று எல்லாரும் நினைத்த ஒரு வாரம் இருந்தது. ரத்தத்தில் கிருமி ஏறி, உடம்பு நீலமாகி, பிறகு மெல்லத் திரும்பினாள். அந்த வார்டில் ஒரு நர்ஸ், பிள்ளைக்குக் களிம்பு பூசும்போது கையுறைமேல் கையுறை போட்டுக்கொண்டு, முகத்தைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டு, விரல்நுனியால் எட்டி எட்டிப் பூசுவாள். முடிந்ததும் ஓடிப்போய்க் கை கழுவுவாள். இஜ்ஜா அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று யம்னாவும் பார்த்தாள். அந்த நர்ஸை அறையலாம் போல இருந்தது. அறைய என்ன யோக்கியதை இருக்கிறது என்றும் இருந்தது. இஜ்ஜா யம்னாவைப் பெட்டிப் பக்கம் விடவில்லை. அவள் கொண்டுவந்த ரொட்டியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

ஊர் திரும்பியபோது வாதுமை பூத்து உதிர்ந்துவிட்டிருந்தது. மபாரக்காவுக்குச் செதில் பழையபடி கட்டியிருந்தது. இஜ்ஜா தன் அறைக்கு உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மிலூத் உலைக்கே போய்விட்டான். ஒரு மாலை நேரம் மடியில் வைத்திருந்த மகள் மறுநாளே அப்படி ஆனபிறகு, அவனுக்கு முன்பைவிடப் பயம் கூடிவிட்டது.

யம்னா வேலைக்குப் போனாள். லல்லா கன்ஸா முகத்தைப் பார்க்காமல், கொஞ்ச நாளைக்குத் தேய்ப்பு வேலை வேண்டாம், உள்ளறைச் சாக்கடை அடைத்திருக்கிறது, அதைப் பார் என்றாள். ஆட்களை வைத்துத்தான் அதைச் செய்வது வழக்கம். யம்னா சாக்கடையை மூடியிருந்த பலகையைத் தூக்கினாள். கம்பியை விட்டு இழுத்தபோது ஆடு ஈன்ற கழிவுபோல நீளமாக வந்தது. முடி, சோப்பு, அதில் பின்னிய தோல். ஊர்ப் பெண்கள் எல்லாருடையதும் ஒன்றாகக் கலந்து, புளித்து, கறுத்து. கையால் அள்ளி வாளியில் போட்டாள். மூக்கால் மூச்சு விட்டாள், வேண்டுமென்றே.

அன்றைக்கு வியாழன். ஹாஜ்ஜா மின்னானா துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தவள், யம்னாவைக் கண்டதும் சுவரோரமாக ஒதுங்கினாள். துண்டு முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கூட வந்தவளிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அந்தப் புள்ள நாத்தம் இவ மேலயும் ஏறிடுச்சு. எப்படித்தான் வீட்டுல வெச்சிருக்காங்களோ."

யம்னா வாளியைத் தூக்கிக்கொண்டு போய் மின்னானாவின் காலடியில் வைத்தாள். கொட்டவில்லை. வைத்தாள்.

"ஹாஜ்ஜா, எங்க வீட்டுப் புள்ள இந்தத் தரைய மிதிச்சதே இல்ல. இது அவளுது இல்ல. குனிஞ்சு பாரு. வியாழக்கெழம வியாழக்கெழம எட்டி எட்டிப் பாத்து எல்லாருக்கும் காட்டுவியே, அதுதான் இது. உன்னுது எதுன்னு எனக்கு அடையாளம் தெரியல. உனக்குத் தெரியுதா?"

ஆவிக்குள் யாரோ சிரித்தார்கள். மின்னானாவின் முகம் வெளுத்தது. நகர முயன்று வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கூச்சல்தான். லல்லா கன்ஸா உள்ளே வந்து யம்னாவைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் கன்ஸாவின் கண்கள் கலங்கியிருந்தன. இனிமேல் வராதே, உனக்காக நான் இந்த வாசலை மூட முடியாது என்றாள். யம்னா தன் உறைகளை எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவிவிட்டு முற்றத்தில் உட்கார்ந்தாள். கோபமாவது வருமென்று பார்த்தாள், அதுவும் வரவில்லை. களைப்பாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்து வேலை போனதற்கு அழவேண்டுமென்றும் தோன்றவில்லை. அன்றிலிருந்து வீட்டு வேலை பார்த்தாள். ரொட்டி சுட்டாள். இஜ்ஜாவின் கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். களிம்புத் துணிகளைக் காரம் இல்லாத சோப்பு போட்டுத் துவைத்துக் காயப்போட்டாள். விரல் வெடிப்புகள் தாமாகவே மூடின.

பிறகு கீழைக்காற்று வந்தது. அந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டது. மலைகளுக்கு நடுவில் தாஸா ஒரு குழாய். சூட்டுக்காற்று நுழைந்தால் புழுதியோடு ஊரையே வறுத்துவிட்டுத்தான் போகும். மபாரக்காவுக்கு வேர்க்காது. வேர்வை வழிகளைச் செதில் அடைத்திருந்தது. சூடு உள்ளேயே தங்கிவிடும்.

மதியம் சாய்கிற நேரம். உள்தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. இஜ்ஜா கதவில் நின்றாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. களிம்பு முழங்கைவரை பளபளத்தது. எத்தனை நாளாகத் தூங்கவில்லையோ.

"மதினி, உடம்பு கொதிக்குது. ஒத்தக் கையால ஈரத்துணியும் போட்டு, பூசவும் முடியல. வா."

யம்னா போனாள். பிள்ளை பாயில் கிடந்தது. செதில்கள் முற்றிய பழுப்பில், கழுத்து மடிப்பில் வெடித்து, அடியில் சிவப்பு தெரிந்தது. அறையின் நாற்றம் சூட்டில் இரண்டு மடங்காகியிருந்தது. யம்னா துணியை நனைத்துப் பிழிந்து கால்களில் சுற்றினாள். டப்பாவிலிருந்து களிம்பை அள்ளினாள். வெறும் கையால் பிள்ளையின் முதுகில் வைத்தாள். செதிலின் முனைகள் உள்ளங்கையில் குத்தின. விரல்களை அழுத்தாமல், இழுக்காமல், களிம்பு தானாக இறங்குகிறவரை அங்கேயே வைத்திருந்தாள். அவள் கைக்கு அது வரவில்லை. இழு இழு என்றே மணிக்கட்டு துடித்தது. அடக்கி வைத்திருந்தாள். தொண்டைக்குழியில் புளிப்பு ஏறியது. விழுங்கிக்கொண்டாள்.

இஜ்ஜா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொமட்டுதா, மதினி?"

பொய் சொல்ல வாயெடுத்தாள் யம்னா. சொல்லவில்லை.

"கொமட்டுது."

இஜ்ஜா மறுபக்கத் தோளில் களிம்பைப் பரத்திக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்.

"எனக்கும்தான். பெத்த அன்னிக்கிலருந்து. ஒரு நாளும் விட்டதில்ல."

யம்னா கையை எடுக்காமல் அவளைப் பார்த்தாள். மாமன் மகள் அழவில்லை. மூக்குநுனியில் இருந்த வேர்வையை மேல்கையால் துடைத்துக்கொண்டாள்.

"யார்கிட்டச் சொல்றது?" என்றாள். "பெத்தவ வாயில வரக்கூடிய வார்த்தையா அது. டாக்டரம்மாகிட்டச் சொன்னா என்ன நெனப்பாங்க. அவருகிட்டச் சொன்னா, பாத்தியா நீயேன்னுவாரு. பூசுறப்ப ஒவ்வொரு தடவையும் வயித்த பெரட்டும். பெரட்டிக்கிட்டே பூசுவேன். அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது."

வெளியே காற்று ஏதோ தகரத்தைப் புரட்டிக்கொண்டு போயிற்று. மபாரக்கா இமை பிதுங்கிய கண்களால் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். களிம்பில் ஊறிய உடம்பை முறுக்கி ஒரு புரள் புரண்டாள்.

"இடுப்பப் புடி மதினி, நழுவுறா" என்றாள் இஜ்ஜா. "அழுத்திடாத."

யம்னா பிடித்தாள்.